எங்கள் பக்கத்தின் நிறம்

எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டைகளில் பாதி நிறத்தைப் பற்றியவை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் தாம்பரத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் செய்ததில் எங்கே தப்பு இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கல்யாணமான புதிதில், சேலையூர் வீட்டுச் சுவருக்கு வெள்ளை போதும் என்று சொன்னேன். "எந்த வெள்ளை?" என்று கேட்டார். கடையிலிருந்து ஷேட் கார்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் விரித்தார். வெள்ளைக்கு மட்டுமே ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள். எனக்கு அத்தனையும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. "இன்னாம்மா, உனக்குக் கண்ணு கீதா இல்லியா?" என்றார். வீட்டில் அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. என்னைச் சீண்ட வேண்டுமென்றால் மட்டும் கடைப் பேச்சு வரும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கதை படிக்கிற ஆசை ஒன்றுதான். மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். மின்நூல் படிக்கிற ஆப் ஒன்றை அதில் ஏற்றி, அதே கணக்கை என் போனிலும் போட்டுவிட்டாள். "ஒரே புக்கை ரெண்டு தடவை வாங்க வேணாம் பாருங்க" என்று விளக்கம் வேறு. அவள் ஊருக்குப் போன பிறகுதான் வினை ஆரம்பித்தது. நான் ஆரம்பத்தில் விட்டுவைத்த துப்பறியும் கதை, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தால் கொலைகாரன் மாட்டிக்கொள்கிற இடத்தில் வந்து நிற்கும். வீட்டில் உட்கார்ந்து அவர் படித்த பக்கம் அது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் அந்தப் புத்தகத்தைத் தொட வேண்டும்.

நிறத்தில் அப்படிச் சமரசம் செய்ய வழியில்லை. கணக்கு ஒன்று என்பதால் ஒருவர் வைக்கிற நிறம்தான் மற்றவருக்கும். பக்கத்துக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். வெள்ளை, கருப்பு, பழுப்பு மூன்றும் தயாராக இருக்கும். அதற்குக் கீழே உள்ளதைத் தொட்டால், வெள்ளையில் தொடங்கிக் கருப்பில் முடிகிற, வானவில் மாதிரி ஒரு பட்டை விரியும். விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெயிண்ட் கடைக்காரர் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கம், சந்தனத்தை நிறையப் பாலில் கரைத்தது போலிருந்தது. எழுத்து காபிக்கொட்டை நிறம். "மஞ்சளும் இல்ல, வெள்ளையும் இல்ல. எவ்ளோ நேரம் படிச்சாலும் கண்ணு உறுத்தாது பாரு" என்றார். உண்மையிலேயே உறுத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட நிறம் அது ஒன்றுதான்.

பிறகுதான் அவர் கண்ணில் அழுத்தம் இருப்பது தெரிந்தது. அதுவும் கடையில் தெரிந்தது. பழகிய வாடிக்கையாளர் ஒருவர் தன் ஹாலுக்கு வெளிர்ப் பச்சை கேட்டிருந்தார். இவர் ஷேட் கார்டில் பார்த்துச் சொன்ன எண், பக்கத்துக் கட்டத்தில் இருந்த சாம்பலின் எண். சுவர் முழுக்க அடித்து முடித்த பிறகு அந்த மனிதர் வந்து சத்தம்கூடப் போடவில்லை. "உங்களுக்கு எப்படிண்ணா தப்பு வந்துது?" என்று மட்டும் கேட்டாராம். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. மறுநாளே என்னோடு கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அங்கே ஒரு பரிசோதனை உண்டு. ஒரு கிண்ணம் மாதிரியான பெட்டிக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். உள்ளே எங்காவது ஓர் ஒளிப்புள்ளி தோன்றினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். பொத்தான் சத்தம் விடாமல் கேட்டது, தாளம் போடுவது போல ஒரே சீராக. பரிசோதனை செய்த பெண், "சார், தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க" என்றாள். "தெரியுதும்மா, அதான் அழுத்தறேன்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளை பரீட்சையில் குருட்டாம்போக்கில் விடை எழுதுவது போல இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. போன பார்வை போனதுதான், திரும்பி வராது என்றார். மிச்சமிருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்தார். ஆபரேஷனும் ஒன்று நடந்தது. வீட்டுக்கு வந்து இவர் முதலில் கேட்டது, "படிக்கலாம் இல்ல?" என்றுதான். படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு பால்கனி ஓரத்து நாற்காலிக்கு வந்துவிட்டார். கடை போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த டேப்லெட் மட்டும்தான். எவ்வளவு தெரிகிறது என்று நான் எப்போது கேட்டாலும், "நல்லாத்தான் தெரியுது" என்று பதில் வரும். அதற்குமேல் கேட்டால் முகம் சுருங்கிவிடும். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் என் போன் சொன்னது. ஒருநாள் காலை மேடவாக்கம் நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது புத்தகத்தைத் திறந்தேன். சந்தனத்தைக் காணவில்லை. பக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எனக்குப் பொறுமை குறைவு. உடனே போன் போட்டேன்.

"என்னங்க, என் பக்கத்தை ஏன் இப்படி அழுக்காக்கி வெச்சிருக்கீங்க?"

"அழுக்கு இல்லம்மா, அது ஸ்டோன் கிரே. அந்தப் பழைய கலர் கொஞ்சம் வெளிச்சமா இருக்கு. கண்ணு கூசுது."

"எனக்கு இதுல ஒண்ணும் படிக்க முடியல."

"பழகிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் மாற்றினேன். சாயங்காலத்துக்குள் அவர் திரும்ப மாற்றினார். இப்படிக் கொஞ்ச நாள் கயிறு இழுத்தோம். பிறகு சாம்பல் போய் கருப்புப் பக்கத்தில் வெள்ளை எழுத்து வந்தது. எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு கருப்பில் மஞ்சள் எழுத்து. அதைப் படித்துவிட்டு பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால், பள்ளிக்கரணைத் தண்ணீர்மேலும் அந்த வரிகள் கோடு கோடாக ஓடும். தலைவலி வேறு. பக்கத்தில் உட்காருகிற ஆபீஸ் பெண்ணிடம் என் கணவரைப் பற்றிப் புகார் படித்தேன். அவள் சின்னப் பெண், இந்த மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரி.

"அக்கா, இது ஒரு மேட்டரே இல்ல. செட்டிங்ஸ்ல சிங்க்னு ஒண்ணு இருக்கும், ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் உங்க கலர் உங்களுக்கு, அவர் கலர் அவருக்கு" என்றாள். அவளே என் போனை வாங்கி அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தாள். ஒரு தொடு தொட்டால் போதும்.

நான் தொடவில்லை. அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் எவ்வளவு கேட்டாலும் வராத பதில் இங்கே தானாக வந்துகொண்டிருந்தது. சாம்பல் என்றால் வெளிச்சம் கூசுகிறது. கருப்பில் வெள்ளை என்றால் மெல்லிய எழுத்து கரைந்துபோகிறது. மஞ்சள் என்றால் வெள்ளையும் போதவில்லை. அவர் வாயால் சொல்லாததை அவர் விரல் சொல்லிக்கொண்டிருந்தது. இதையும் அணைத்துவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். "அப்புறம் பண்ணிக்கறேன்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். பயமாக இருந்தது.

அதிலிருந்து நான் கதைக்காகப் புத்தகத்தைத் திறக்கவில்லை, நிறத்தைப் பார்க்கத் திறந்தேன். ஒருநாள் காலையில் மட்டும், மூடி மூடித் திறந்தபோதெல்லாம் ஒவ்வொரு நிறம். ஆரஞ்சு. எலுமிச்சைப் பச்சை. கண்ணைப் பறிக்கிற ஒரு ரோஸ். அவர் பால்கனி ஓரத்தில் உட்கார்ந்து, பட்டையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரலை இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஷேட் கார்டில் வெள்ளைக்குள் வெள்ளை பிரித்த மனிதர், எழுத்து தெரிகிற ஏதாவது ஒரு நிறம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். என்னால் பஸ்ஸை நிறுத்தி இறங்க முடியாது. அவருக்குப் போன் போட்டு என்ன கேட்பது? கையில் போனை வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

புத்தகத்தைக் குரலில் கேட்கும் வசதியை மகள் ஊருக்கு வந்திருந்தபோதே போட்டுக் கொடுத்திருந்தாள். இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். "கதாநாயகி செத்துப் போறா. அதை இந்தம்மா, எட்டாம் நடைமேடைக்கு வண்டி வருதுங்கற மாதிரி சொல்றாங்க. எனக்கு வேணாம்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சர்ச்சில் ஞாயிறு ஆராதனையின்போது பாட்டு வரிகளைத் திரையில் போடுவார்கள், நீலத்தில் வெள்ளை எழுத்து. இவர் நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை நான் எடுக்கும்வரை அவர் காத்திருப்பார். பிறகு சேர்ந்துகொள்வார். அன்றிலிருந்து முதல் சொல்லைக் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட்டு வராது. முன்வரிசையில் ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதன் பிறகு நிறம் ஒரே இடத்தில் நின்றது. கருப்பில் மஞ்சள், எழுத்து பெரிதோ பெரிது, ஒரு திரைக்குச் சில சொற்கள்தான். வாரக்கணக்கில் அது மாறவில்லை. அவர் படிக்கிற பெரிய குடும்ப நாவலில் பக்கம் நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். சரி, இந்த இடத்தில் நோய் நின்றுவிட்டது, சொட்டு மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். மகளிடம் போனில் அப்படியே சொன்னேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில் திறந்தபோது பக்கம் வெறும் கருப்பாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை. ஆப் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூடித் திறந்தேன். போனை அணைத்துப் போட்டேன். வேறு புத்தகத்தைத் திறந்தேன், அதுவும் கருப்பு. பிறகு நிறம் மாற்றுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பக்கத்தின் நிறம் பட்டையின் கருப்புக் கோடியில் இருந்தது. எழுத்தின் நிறமும் அதே கோடியில். எதிலோ கை பட்டு இழுபட்டிருக்கிறது. எழுத்துகள் அங்கேதான் இருந்தன, கருப்புக்குள் கருப்பாக. இதைச் சரிசெய்யாமல் ஒருவரால் ஒரு சொல்கூடப் படிக்க முடியாது.

அவருடைய நாவலைத் திறந்தேன். அதுவும் கருப்பு. ஓரத்தில் ஆப் தானாகக் காட்டுகிற பக்க எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதல்நாள் இருந்ததைவிட அது கூடியிருந்தது. மத்தியானம் பார்த்தேன், இன்னும் கூடியிருந்தது.

அன்று சாயங்காலம் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு போனேன். இவர் வழக்கமான நாற்காலியில் இருந்தார். மடியில் டேப்லெட். குனிந்து பார்த்துக்கொண்டு, சற்று நேரத்துக்கு ஒருமுறை விரலால் ஒரு தள்ளு. மறுபடி ஒரு தள்ளு. ஒரே சீராக. எனக்கு அந்த ஆஸ்பத்திரிப் பொத்தான் சத்தம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைக் கேட்டுத்தான் நான் சிரித்தேன்.

"எங்க வந்திருக்கு கதை?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு ஊரை விட்டுக் கிளம்பப் போறா போலிருக்கு" என்றார், நிமிராமல்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அவருக்குக் கண் தெரியவில்லை என்பதற்காக மட்டுமல்ல. எனக்காக அவர் இப்படி உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறாரே என்று அழுதேன்.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் தொழில் புத்தி வேலை செய்தது. ஒருவேளை எனக்கு மட்டும்தான் இப்படியோ, டேப்லெட்டில் சரியாக இருக்கிறதோ என்று ஒரு நப்பாசை. பக்கத்தின் நிறத்தை நல்ல மஞ்சளுக்கு இழுத்தேன், ஆட்டோவின் முதுகு மாதிரி மஞ்சள். எழுத்தைக் கருப்பிலேயே விட்டேன். அவர் டேப்லெட்டில் புத்தகத்தைத் திறந்ததும் இது அங்கே போய்ச் சேரும். கண் தெரிகிற யாரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எனக்குப் போன் போட்டுத் திட்ட வேண்டும். நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மஞ்சள் வெளிச்சம் அவர் தாடையிலும் சட்டையிலும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பக்கத்தைத் தள்ளினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லாத் தெரியுதா?"

"ம். கருப்புல வெச்சா எனக்கு நல்லாத் தெரியும். உனக்குத்தான் பிடிக்காது."

என்னால் முடியவில்லை. "என்னங்க, பக்கம் மஞ்சளா இருக்கு" என்றேன்.

விரல் நின்றுவிட்டது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது.

"எப்போலேர்ந்து?"

"இன்னைக்குக் காலைலேர்ந்து. நான்தான் மாத்தினேன்."

"நேத்து?"

"நேத்து எல்லாமே கருப்பு. எழுத்தும் கருப்பு."

"அப்ப நேத்து உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "நேரா பாத்தா ஒண்ணும் இல்லம்மா. ஓரத்துல ஜன்னல் தெரியுது. நீ நடந்து போனா ஒரு அசைவு தெரியுது. அவ்ளோதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ வேலைலேர்ந்து வந்ததும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாக்கறே. கையில இது இருந்தா, சரி, படிக்கறாருன்னு உள்ள போய் காபி போடுவே. கை சும்மா இருந்தா நீ அங்கேயே நின்னுடுவே. எத்தனை நாளைக்கு நிப்பே?"

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு டேப்லெட்டைத் தடவி எடுத்து என் மடியில் வைத்தார்.

"இனிமே நீ வாசி. உனக்குப் பிடிச்ச கலர் வெச்சுக்கோ. அந்தச் சந்தனம் இருந்துதே, அதையே வெய்."

அந்தச் சந்தனம் எங்கேயும் சேமித்து வைக்கப்படவில்லை. நான்தான் தேட வேண்டியிருந்தது. பட்டையில் விரலை வைத்து இழுத்தேன். மஞ்சள் தூக்கலாக வந்தது. குறைத்தால் வெளுத்துப்போனது. கொஞ்சம் தள்ளினால் பிஸ்கட் நிறம். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தி, பழக்க தோஷத்தில் டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "இதுதானே?" என்று கேட்டும்விட்டேன்.

"நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

நாங்கள் வாழ்ந்த இத்தனை வருடத்தில் நிறத்தைப் பற்றி அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. ஒரு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கிருந்து வாசிக்கட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணு மழையில பஸ்ஸுக்கு நிக்கறாளே, அங்கேர்ந்து" என்றார். நான் பக்கங்களைப் பின்னால் தள்ளினேன். தள்ளிக்கொண்டே போனேன். நாவல் முடிகிற இடத்தில் இருந்தது டேப்லெட். அந்தப் பெண் மழையில் நின்றது கதை சூடு பிடிப்பதற்கும் முன்னால். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் எல்லாம், என் போனில் எண் கூடக் கூட நான் சந்தோஷப்பட்ட பக்கங்கள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்தே வாசிக்க ஆரம்பித்தேன். நடுவில் ஓரிடத்தில், "கொஞ்சம் மெதுவா" என்றார்.

இப்போது தினமும் சாயங்காலம் வாசிக்கிறேன். காலையில் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் முதல்நாள் வைத்த நிறம் அப்படியே இருக்கிறது. யாரும் மாற்றுவதில்லை. நான் பிடித்த சந்தனம் அவர் அன்றைக்குக் கரைத்த சந்தனம் இல்லை. இதில் மஞ்சள் ஒரு பொட்டு கூடுதல். அது எனக்குத் தெரிகிறது. தப்பு என்று சொல்ல வேண்டியவர், என் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருக்கிறார்.